ஒருங்கே ஓட வேண்டிய வேலைகள் வரிசையில் நின்றால்: ஸ்விஃப்டில் எந்த வழியைத் தேர்வது?

புறக்கோட்டையில் மொத்த விலைக்குப் புடைவை விற்கும் வியாபாரி ஒருவருக்காக எங்கள் சிறிய குழு ஸ்விஃப்ட் என்ற நிரல் மொழியில் ஓர் ஐபோன் செயலியை எழுதியது. புதிய சரக்கு வந்திறங்கும் நாளில் கடைச் சிப்பந்தி 40 புகைப்படங்கள் வரை எடுப்பார். செயலி அவை ஒவ்வொன்றையும் சிறிதாக்கிச் சேர்வருக்கு ஏற்ற வேண்டும். வவுனியாவிலும் மட்டக்களப்பிலும் இருக்கும் சில்லறைக் கடைக்காரர்கள் அன்று மாலையே அவற்றைப் பார்த்து ஓடர் கொடுப்பார்கள். 40 படங்களுக்கு 40 டாஸ்க்குகளை (தனித்தனியே ஓடத்தக்க வேலைத் துண்டுகளை) தொடங்கும் வகையில் நிரலை எழுதியிருந்ததால், படங்கள் ஒருங்கே சிறிதாகும் என்றே நம்பியிருந்தோம். கடையில் வைத்து ஓடவிட்டபோது அவை ஒன்றன்பின் ஒன்றாகவே சிறிதாகின. அதைவிட மோசமாக, அந்த வேலை முடியும்வரை திரை விரலுக்கு அசையவே இல்லை. கம்பைலர் எந்த எச்சரிக்கையையும் தரவில்லை, செயலி முறிந்து விழவில்லை, கிடைத்த படங்களும் சரியாகவே இருந்தன. பிழை என்று சுட்டிக்காட்ட ஒரு வரிகூட இல்லாமல் வேகம் மட்டும் காணாமற்போகும் இந்த நிலைதான் நிரலாளரை அதிகம் அலைக்கழிக்கிறது.

இதே இடத்தில் நிற்பவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: அசிங்க் லெட்டா, டாஸ்க் குரூப்பா, டிட்டாச்ட் டாஸ்க்கா, அல்லது பழைய டிஸ்பாட்ச் கியூவுக்கே திரும்புவதா? நான்குமே வேலைகளைத் தொடங்கி ஓடவிட உதவும் கருவிகள். கருவியின் பெயரிலிருந்து தொடங்கும் இக்கேள்விக்கு நேரான விடை இல்லை. வேலை காத்திருக்கிறதா, கணிக்கிறதா என்பதை முதலில் பிரித்தறிந்தால், கருவி ஏறத்தாழத் தானாகவே தீர்மானமாகிவிடும் என்பது என் அனுபவம்.

## எவற்றை வைத்து அளப்பது

முதல் அளவுகோல் வேலையின் இயல்பு. சேர்வரிடம் ஒரு கோரிக்கையை அனுப்பிவிட்டுப் பதிலை எதிர்பார்த்திருப்பது காத்திருக்கும் வேலை. அந்நேரத்தில் ஃபோனின் செயலாக்கச் சில்லு சும்மா இருக்கிறது. ஆகவே இத்தகைய வேலைகள் 10 இருந்தாலும், அவை அனைத்தும் ஒரே திரெட்டில் (நிரல் ஓடும் ஒரே தடத்தில்) தொடங்கினாலும், காத்திருப்புகள் ஒரே நேரத்தில் கழியும். படத்தைச் சிறிதாக்குவதோ, பெரிய ஜேசன் கோப்பை விரித்து வாசிப்பதோ கணிக்கும் வேலை. அது முடியும்வரை சில்லின் ஒரு கோரை, அதாவது ஒரு கணிக்கும் கூறை, முழுமையாகப் பிடித்து வைத்திருக்கும், நடுவே யாருக்கும் இடம் விடாது. மூன்றாவதாக, ஏற்றும் வேலை என்று ஒன்றும் உண்டு. படங்களைச் சேர்வருக்கு அனுப்பும்போது தடையாக நிற்பது இணைய இணைப்பின் அகலம். அந்த அகலம் நிரம்பிய பின் எத்தனை படங்களை ஒருங்கே அனுப்பினாலும் மொத்த நேரம் குறையாது.

இந்தப் பிரிப்பு ஏன் முக்கியம் என்பது ஸ்விஃப்டின் மெயின் ஆக்டரைப் பார்த்தால் விளங்கும். திரையைத் தொடும் நிரல் அனைத்தும் மெயின் ஆக்டரில் ஓடுகிறது. அங்கு ஒரு நேரத்தில் ஒரு துண்டு நிரலே ஓட முடியும். மெயின் ஆக்டருக்கு உரிய ஒரு வகுப்பின் உள்ளே டாஸ்க் ஒன்றைத் தொடங்கினால், அதுவும் மெயின் ஆக்டரையே தன் இருப்பிடமாகக் கொள்ளும். எங்கள் 40 டாஸ்க்குகளும் அப்படித்தான் ஒரே வாசலில் வரிசையாக நின்றன. அவை காத்திருக்கும் வேலைகளாக இருந்திருந்தால் சிக்கலே எழுந்திராது, ஏனெனில் விடைக்காகக் காத்திருக்கச் சொல்லும் அவெயிட் என்ற சொல் வரும் இடத்தில் ஒரு டாஸ்க் விலகி நிற்க, அடுத்தது உள்ளே நுழையும். படத்தைச் சிறிதாக்கும் சார்பில், அதாவது அந்த வேலையைச் செய்யும் நிரல் துண்டில், அவெயிட் ஒன்றுகூட இல்லாததால், ஒவ்வொன்றும் முழுமையாக முடிந்த பின்னரே அடுத்தது தொடங்கியது.

ஆப்பிளின் நிரல் எழுதும் மென்பொருளான, 2025இல் வெளிவந்த எக்ஸ்கோட் 26இல் புதிய செயலி ஒன்றைத் தொடங்கியவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அதில் தொடங்கும் புதிய செயலித் திட்டங்களில், வேறாகக் குறிப்பிடாத நிரல் அனைத்தும் மெயின் ஆக்டருக்கு உரியதாகவே கொள்ளப்படுகிறது. தரவுப் போட்டிகளால் (ஒரே தரவை இரு வேலைகள் ஒரே நேரத்தில் மாற்ற முயல்வதால்) வரும் பிழைகளைத் தொடக்கத்திலேயே தவிர்க்கும் இந்த ஏற்பாட்டை நான் வரவேற்கிறேன். ஆனால் முன்னைய திட்டத்திலிருந்து ஒரு கோப்பைப் பிரதி செய்து இங்கே ஒட்டினால், அங்கு ஒருங்கே ஓடிய நிரல் இங்கு வரிசையாக ஓடக்கூடும்.

இரண்டாவது அளவுகோல், வேலைகளின் எண்ணிக்கை நிரலை எழுதும்போதே தெரியுமா என்பது. மூன்றாவது, பயனர் திரையை விட்டு விலகினால் மீதி வேலைகள் தாமாக இரத்தாக வேண்டுமா என்பது. நான்காவது நினைவகம், இதைப் பலர் கணக்கிடுவதே இல்லை. 12 மெகாபிக்சல் படம் ஒன்று, அதாவது 4032க்கு 3024 புள்ளிகள், புள்ளிக்கு 4 பைட் வீதம் விரிந்தால் ஏறத்தாழ 48.8 மெகாபைட்டாகிறது, 40 படங்கள் ஒருங்கே விரிந்து நின்றால் அது 1.95 கிகாபைட்டுக்கு வரும், அவ்வளவு கேட்கும் செயலியை ஐஓஎஸ் நிறுத்திவிடக்கூடும். ஐந்தாவது, முடிவுகள் எந்த ஒழுங்கில் வர வேண்டும் என்பது.

அளப்பதற்கு முன் ஒரு முன்னெச்சரிக்கை. கணினியிலேயே ஃபோனைப் போல ஓடும் சிமியுலேட்டரில் கண்டதை வைத்து முடிவெடுக்கக் கூடாது. ஸ்விஃப்டின் டாஸ்க்குகள், கோர்களின் எண்ணிக்கையை ஒட்டி வரையறுக்கப்பட்ட ஒரு திரெட் தொகுதியில் ஓடுகின்றன; சிமியுலேட்டரில் அத்தொகுதி மிகவும் சுருக்கப்பட்டிருந்த பதிப்புகள் உண்டு, அங்கு வரிசையாகத் தோன்றிய நிரல் கையிலுள்ள ஃபோனில் ஒருங்கே ஓடியதை நானே கண்டிருக்கிறேன். உண்மையான ஃபோனை இணைத்து, எக்ஸ்கோட்டோடு வரும் அளவீட்டுக் கருவியான இன்ஸ்ட்ருமென்ட்ஸில் ஸ்விஃப்ட் கன்கரன்சி வார்ப்புருவைத் திறந்து, எந்த டாஸ்க் எந்த ஆக்டருக்காக எவ்வளவு நேரம் வரிசையில் நின்றது என்று பார்ப்பதே நம்பத்தக்க வழி.

## வரிசையாகவே விட்டுவிடுதல்

இதையும் ஒரு தேர்வாகக் கருத வேண்டும். உள்நுழைவுக்கான டோக்கனைப் பெற்ற பின்னரே கணக்கு விவரத்தைக் கேட்க முடியும் என்றால், அவ்விரண்டையும் ஒருங்கே ஓடவிட வழியில்லை. எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் ஒரு நேரத்தில் ஒருவரே எழுத முடியும் என்பதால், 10 டாஸ்க்குகளைக் கொண்டு எழுதினாலும் அவை உள்ளே வரிசையாகத்தான் நிற்கும். சேர்வரின் உரிமையாளர் கோரிக்கைகளுக்கு எல்லை வைத்திருந்தால், அந்த எல்லையை மீறி வேகம் தேடுவதும் பயன் தராது.

ஆண்ட்ரொய்டின் வரலாற்றில் இதற்கு நல்ல சான்று இருக்கிறது. அங்கிருந்த அசிங்க் டாஸ்க் என்ற வசதி முதலில் ஒரே பின்னணித் திரெட்டில் வரிசையாக ஓடியது, 1.6ஆம் பதிப்பில் பல திரெட்டுகளுக்கு மாற்றப்பட்டது. 2011இல் வந்த 3.0ஆம் பதிப்பிலிருந்து மீண்டும் ஒரே திரெட்டுக்குத் திருப்பப்பட்டது. சமாந்தர ஓட்டத்தால் செயலிகளில் வழமையாக எழுந்த பிழைகளைத் தவிர்ப்பதற்காகவே அப்படித் திருப்பினார்கள். அன்று பல நிரலாளர்கள் தங்கள் வேலைகள் திடீரென வரிசையானதைக் கண்டு குழம்பினாலும், அந்த முடிவில் நியாயம் இருந்தது.

மறைவான செலவு: மெயின் ஆக்டரில் கணிக்கும் வேலையை வரிசையாக விட்டால் திரை உறையும். வரிசையாக விடுவதும் மெயின் ஆக்டரில் விடுவதும் வெவ்வேறு முடிவுகள் என்பதை நினைவில் வைத்தால், மெயின் ஆக்டருக்கு வெளியே வரிசையாக ஓடவிடுவது பல செயலிகளுக்குப் போதுமானதாக இருக்கும்.

## அசிங்க் லெட்

முகப்புத் திரைக்கு அறிவித்தல்கள், நாணய மாற்று வீதம், பயனரின் ஓடர்கள் ஆகிய மூன்றும் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அவை முறையே 400, 300, 500 மில்லி செக்கன் எடுத்தால், மூன்று வரிகளில் அவெயிட் எழுதுபவர் 1,200 மில்லி செக்கன் காத்திருப்பார். மூன்றையும் அசிங்க் லெட்டாக, அதாவது விடைக்குக் காத்திராமல் அடுத்த வரிக்குச் செல்லும் வடிவில், தொடங்கி இறுதியில் ஒருமுறை அவெயிட் செய்பவருக்கு ஏறத்தாழ 500 போதும். எண்ணிக்கை முன்பே தெரிந்திருந்து, வேலைகள் காத்திருக்கும் இயல்புடையனவாக இருந்து, ஒன்றின் விடை மற்றொன்றுக்குத் தேவைப்படாதபோது இதைவிடச் சுருக்கமான வழி கிடையாது. அச்சார்புகள் மெயின் ஆக்டருக்கு உரியனவாக இருந்தாலும் இந்த இலாபம் பெருமளவு கிடைக்கும். பதில் வந்த பின் அதை விரித்து வாசிக்கும் பகுதி மட்டும் அங்கு வரிசையாக நடக்கும்.

இதில் நான் அடிக்கடி காணும் தவறு, முதலாவதை அசிங்க் லெட்டாகத் தொடங்கி, அதற்கு அடுத்த வரியிலேயே அதற்காக அவெயிட் செய்துவிட்டு, பின்னர் இரண்டாவதைத் தொடங்குவது. சொற்கள் எல்லாம் சரியாக இருப்பதால் நிரலை மேலோட்டமாக வாசிப்பவருக்கு இது பிடிபடாது. ஆனால் அது பழைய வரிசையேதான். எல்லாவற்றையும் தொடங்கி முடித்த பின்னரே முதல் அவெயிட் வர வேண்டும்.

மறைவான செலவு பிழை வரும்போது தெரிகிறது. மூன்றாவது கோரிக்கை உடனே தோற்றாலும், முதலாவதற்காகவே நாம் அவெயிட் செய்துகொண்டிருந்தால், அது முடியும்வரை தோல்வி நமக்கு எட்டாது. பிழையோடு சார்பை விட்டு வெளியேறும்போது மீதி வேலைகள் இரத்துச் செய்யப்படுகின்றன. ஆயினும் அவை உண்மையில் முடியும்வரை சார்பு திரும்பாது. இரத்து என்பது ஒரு வேண்டுகோளே. அதைக் கவனித்து நிற்பது அந்த வேலையின் பொறுப்பு.

## டாஸ்க் குரூப்

படங்கள் 40ஆ 7ஆ என்பது ஓடும்போதுதான் தெரியும் என்றால் அசிங்க் லெட் உதவாது. ஓடும்போதே எத்தனை டாஸ்க்குகளையும் சேர்க்கத்தக்க டாஸ்க் குரூப் வேண்டும். இரத்தும் பிழையும் குழு முழுவதற்கும் ஒழுங்காகப் பரவுகின்றன, குழுவின் எல்லையைத் தாண்டி எந்த டாஸ்க்கும் அநாதையாக அலைவதில்லை, ஒரு நேரத்தில் எத்தனை என்பதையும் நாமே கட்டுப்படுத்தலாம். முதலில் 3 டாஸ்க்குகளைச் சேர்த்துவிட்டு, ஒன்று முடிந்து விடை வரும்போதெல்லாம் இன்னொன்றைச் சேர்த்தால், எந்நேரமும் 3க்கு மேல் ஓடாது. இந்தச் சிறிய வழக்கத்தைக் கற்றுக்கொள்வது ஏனைய எல்லாவற்றையும்விடப் பயனுள்ளது என்று நான் நினைக்கிறேன்.

எல்லை எதற்கு, திரெட் தொகுதியே வரையறுக்கப்பட்டதுதானே என்று ஒருவர் கேட்கலாம். சிறிதாக்குவது இடையே அவெயிட் இல்லாத ஒரே சார்பாக இருந்தால் அது பெருமளவு உண்மை. 2017இல் வந்த ஏ11 சில்லிலிருந்து ஐபோன்களில் 6 கோர்கள் இருக்கின்றன, ஆகவே ஒரே நேரத்தில் 6 படங்கள், ஏறத்தாழ 293 மெகாபைட், விரிந்து நிற்கும். ஆனால் அதே டாஸ்க் விரித்த படத்தைக் கையில் வைத்துக்கொண்டே ஏற்றுவதற்காக அவெயிட் செய்தால், அது விலகி நிற்க அடுத்த டாஸ்க் உள்ளே வந்து தன் படத்தை விரிக்கும், அதுவும் விலகி நிற்கும், இப்படியே 40 படங்களும் நினைவகத்தில் சேர்ந்துவிடும். விரைவாக வேண்டும் என்று எழுதிய நிரல் ஃபோனின் நினைவகத்தைத் தின்று தீர்ப்பது இவ்வாறுதான்.

6 கோர்கள் இருப்பதால் 6 மடங்கு வேகத்தையும் எதிர்பார்க்க வேண்டாம். அவற்றில் 2 வேகத்துக்கானவை, 4 மின்கலச் சிக்கனத்துக்கானவை. மேலும் குழுவில் முடிவுகள் முடிந்த ஒழுங்கிலேயே கிடைக்கும், தொடங்கிய ஒழுங்கில் அல்ல. ஒவ்வொரு விடையோடும் அதன் வரிசை எண்ணையும் திருப்பி, இறுதியில் அடுக்கிக்கொள்ள வேண்டும். இன்னொன்று: குழுவில் சேர்த்த டாஸ்க் அழைக்கும் சார்பு மெயின் ஆக்டருக்கு உரியதானால், 40 டாஸ்க்குகளும் அங்கேயே திரும்பிச் சென்று வரிசையில் நிற்கும். குரூப்பைப் பயன்படுத்தியும் வேகம் வரவில்லை என்று சொல்பவர்களின் நிரலில் நான் முதலில் தேடுவது இதைத்தான்.

## கன்கரன்ட் என்று குறித்த சார்பு

மேலே சொன்ன கடைசிச் சிக்கலுக்கு நேரான மருந்து, 2025இல் ஸ்விஃப்ட் 6.2 உடன் வந்த கன்கரன்ட் என்ற குறியீடு. ஓர் அசிங்க் சார்பின் (நடுவே காத்திருக்கக்கூடிய சார்பின்) முன் அதை இட்டால், யார் அழைத்தாலும் அது அழைத்தவரின் ஆக்டரை விட்டு வெளியே, பொதுத் திரெட் தொகுதியில் ஓடும். கணிக்கும் வேலைகளுக்கு இதுவே உரிய இடம்.

இங்கு ஒரு சொல்லின் பொருள் மாறியிருப்பதைக் கவனிக்க வேண்டும். 2022இன் ஸ்விஃப்ட் 5.7 முதல், நொன்-ஐசொலேட்டட் (எந்த ஆக்டருக்கும் உரியதல்ல) என்று குறித்த அசிங்க் சார்பு தானாகவே ஆக்டருக்கு வெளியே ஓடியது. அதையே பலரும் மெயின் திரெட்டிலிருந்து தப்பும் வழியாகப் பயன்படுத்தினார்கள். 6.2இல் புதிய நடத்தைக்கான அமைப்பை இயக்கினால், அதே சார்பு அழைத்தவரின் ஆக்டரிலேயே ஓடும். எக்ஸ்கோட் 26இன் புதிய செயலித் திட்டங்களில் அந்த அமைப்பு இயங்கியபடியே வருகிறது. பழைய கட்டுரைகளைப் படித்து எழுதியவர்களின் நிரல் வரிசையாவதற்கு இது பெரிய காரணம்.

மறைவான செலவுகளில் முதலாவது, ஆக்டரின் எல்லையைத் தாண்டிச் செல்லும் தரவு பாதுகாப்பாகப் பகிரத்தக்கதாக இருக்க வேண்டும் என்று கம்பைலர் வற்புறுத்துவது. பழைய வகுப்புகள் நிறைந்த செயலியில் இதைச் சரிசெய்ய நாட்கள் செல்லலாம். இரண்டாவது, இக்குறியீடு வேலையை வெளியே அனுப்புகிறதே தவிர ஒருங்கே ஓடவைப்பதில்லை. ஒரு சுற்றுக்குள் கன்கரன்ட் சார்பை அவெயிட் செய்து செய்து அழைத்தால் திரை உறையாது, ஆனால் படங்கள் வரிசையாகவே முடியும். ஆகவே இதைத் தனியே எடைபோடாமல், குரூப்போடும் அசிங்க் லெட்டோடும் சேர்த்தே பயன்படுத்த வேண்டும்.

## தனி ஆக்டர்

படச் செயலாக்கத்துக்கென ஓர் ஆக்டரை எழுதினால் அது சமாந்தரமாக ஓடும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது நேர்மாறானது. ஓர் ஆக்டர் ஒரு நேரத்தில் ஒரு துண்டு நிரலையே அனுமதிக்கும். வரிசையாக்குவதே அதன் பணி. பதிவிறக்கிய படங்களின் சேமிப்பு, எத்தனை முடிந்தன என்ற எண்ணிக்கை போன்ற பகிரப்பட்ட நிலையைக் காப்பதற்கு அதைவிட நல்ல இடமில்லை. நடுவே அவெயிட் வந்தால் அந்த இடைவெளியில் வேறொருவர் நுழைந்து நிலையை மாற்றக்கூடும் என்பதை மட்டும் மனதிற் கொள்ள வேண்டும்.

## டிட்டாச்ட் டாஸ்க்கும் டிஸ்பாட்ச் கியூவும்

டிட்டாச்ட் டாஸ்க், தொடங்கிய இடத்தின் ஆக்டரையோ முன்னுரிமையையோ ஏற்காது. மெயின் ஆக்டரிலிருந்து வெளியேற இது விரைவான வழி என்பதால், சிக்கலில் இருப்பவர்கள் முதலில் கையிலெடுப்பதும் இதுவே. ஆனால் திரையை மூடினாலும் அது ஓடிக்கொண்டேயிருக்கும். இரத்துச் செய்ய வேண்டுமானால் அதை நிறுத்த உதவும் பிடியை நாமே சேமித்து வைத்திருக்க வேண்டும். உள்ளே அழைக்கும் சார்பு மெயின் ஆக்டருக்கு உரியதானால் இதுவும் அங்கேயே திரும்பும். பயனர் எங்கு சென்றாலும் முடிந்தாக வேண்டிய, எந்தத் திரைக்கும் சொந்தமில்லாத வேலை, உதாரணமாகப் பழைய தற்காலிகக் கோப்புகளைத் துப்பரவாக்குவது, இதற்குப் பொருத்தம். மற்ற இடங்களில் நான் இதைத் தவிர்க்கிறேன்.

டிஸ்பாட்ச் கியூ பழைய நிரலில் இருந்தால் அப்படியே இருக்கட்டும். பெயரிட்டு உருவாக்கும் கியூ, வேறாகச் சொல்லாவிட்டால் வரிசையானது என்பது அங்குள்ள பழைய பொறி. புதிய டாஸ்க்குகளோடு அதன் செமஃபோரை (திரெட்டையே நிறுத்திக் காத்திருக்க வைக்கும் கருவியை) கலந்து காத்திருக்க வைப்பதை மட்டும் ஒருபோதும் செய்யக் கூடாது. வரையறுக்கப்பட்ட திரெட் தொகுதியில் அது ஒரு திரெட்டையே முடக்கிவிடும், எல்லாத் திரெட்டுகளும் அவ்வாறு முடங்கினால் செயலி முழுவதும் நின்றுபோகும்.

## ஒரே பார்வையில்

| வழி | சிறந்த இடம் | மெயின் ஆக்டரை விட்டு வெளியேறுமா | இரத்து பரவுமா | கவனிக்க வேண்டியது |
|---|---|---|---|---|
| வரிசை | ஒன்றையொன்று சார்ந்த வேலை | அழைக்கும் சார்பைப் பொறுத்தது | ஆம் | மெயின் ஆக்டரில் கணிப்பானால் திரை உறையும் |
| அசிங்க் லெட் | சில கோரிக்கைகள், எண்ணிக்கை தெரிந்தவை | அழைக்கும் சார்பைப் பொறுத்தது | ஆம் | அவெயிட் எழுதும் இடம் |
| டாஸ்க் குரூப் | எண்ணிக்கை தெரியாத பல வேலைகள் | அழைக்கும் சார்பைப் பொறுத்தது | ஆம் | நினைவகம், முடிவுகளின் ஒழுங்கு |
| கன்கரன்ட் சார்பு | கணிக்கும் வேலை | ஆம் | ஆம் | தனியே ஒருங்கே ஓடாது |
| தனி ஆக்டர் | பகிரப்பட்ட நிலை | ஆம் | ஆம் | வரிசையாக்குவதே இயல்பு |
| டிட்டாச்ட் | திரைக்குச் சொந்தமில்லாத வேலை | அழைக்கும் சார்பைப் பொறுத்தது | இல்லை | பிடியைச் சேமிக்க வேண்டும் |

## எங்கள் செயலியில் எடுத்த முடிவு

முதலில் வேலையையே குறைத்தோம். ஆப்பிளின் இமேஜ் ஐஓ என்ற நிரல் நூலகம் மூலம், படத்தை முழு அளவில் விரிக்காமலேயே சிறிய பிரதியைப் பெற முடிகிறது. எந்தக் கன்கரன்சி வழியை எடுத்தாலும் இதை முன்னதாகச் செய்வது நன்று. அந்தச் சார்பைக் கன்கரன்ட் என்று குறித்து, ஒரு நேரத்தில் 3 என்ற எல்லையுடன் டாஸ்க் குரூப்பில் அழைத்தோம். ஒவ்வொரு டாஸ்க்கும் சிறிய படத்தைத் தற்காலிகக் கோப்பாக எழுதிவிட்டுக் கோப்பின் பெயரையும் வரிசை எண்ணையும் மட்டும் திருப்புகிறது. படம் நினைவகத்தில் தங்குவதில்லை.

ஏற்றுவதை இதிலிருந்து முற்றாகப் பிரித்தோம். இணையக் கோரிக்கைகளை அனுப்பும் ஆப்பிளின் யூஆர்எல் செஷன், ஐஓஎஸில் ஒரு சேர்வருக்கு இயல்பாக 4 இணைப்புகளையே திறக்கும். எச்டிடிபி 2 நெறிமுறையில் பேசும் சேர்வரானால் ஒரே இணைப்பில் பல கோரிக்கைகள் செல்லும். எங்கள் கடையில் தடையாக இருந்தது இணைப்பின் அகலம் என்பதால் அந்த எண்ணைத் தொடவேயில்லை. பதிலாக, பின்னணி யூஆர்எல் செஷனிடம் கோப்புகளை ஒப்படைத்தோம். சிப்பந்தி திரையைப் பூட்டி ஃபோனைச் சட்டைப் பையில் போட்டாலும் இயங்குதளம் ஏற்றலைத் தொடர்கிறது. அங்கு அசிங்க் வடிவம் செல்லாது, டெலிகேட் (பதில் வரும்போது அழைக்கப்படும் நிரல் துண்டு) வழியாகவே பதில்களைப் பெற வேண்டும், ஆகவே அந்தப் பகுதியைத் தனியே எழுத வேண்டியிருந்தது.

பட்டியலில் சேர்க்கும் இறுதிப் படியை மட்டும் மாற்றாமல் வரிசையாகவே விட்டோம், ஏனெனில் ஒவ்வொரு புடைவைக்கும் உரிய சரக்கு எண் சேர்வரில் அந்த ஒழுங்கிலேயே வழங்கப்படுகிறது. வவுனியாவிலிருந்து ஓடர் கொடுப்பவர் அந்த எண்ணைச் சொல்லித்தான் கேட்கிறார்.